முதியோர் இல்லத்தில் சேரும் நாளில் நேரும் மருந்துப் பிழைகள்: வாசகர் கேள்வி–பதில்

முதியவர்களின் மருந்துகள் குறித்து இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பல, ஒரே கட்டத்தைப் பற்றியே பேசுகின்றன. மருத்துவமனையிலிருந்தோ வீட்டிலிருந்தோ ஒருவர் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குச் சென்று சேரும் முதல் சில நாட்களே அந்தக் கட்டம். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

என் தாயாருக்கு வயது 81. இடுப்பு எலும்பு முறிவுக்கான அறுவைச் சிகிச்சை முடிந்ததும், வெள்ளிக்கிழமை மாலை அவரை மருத்துவமனையிலிருந்து நேராக ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். நான்காம் நாள் தலைசுற்றிக் கீழே விழ இருந்தார். விசாரித்தபோது, பல ஆண்டுகளாகச் சாப்பிட்டுவந்த தைராய்டு மாத்திரை கொடுக்கப்படவே இல்லை என்பதும், நாடித்துடிப்பைக் குறைக்கும் ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இரண்டு மடங்காகக் கொடுக்கப்பட்டது என்பதும் தெரியவந்தது. மருத்துவமனையும் இல்லமும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. இது எப்படி நடந்தது? நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

முதலில் தாயாரின் உடல்நிலை. தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின் உடலில் பல நாட்கள் தங்கக்கூடிய மருந்து என்பதால், மூன்று நான்கு நாள் விடுபட்டதால் பெரும்பாலும் உடனடியான கேடு வராது. விட்டுப்போனதை ஈடுகட்டுவதாக நினைத்து இரட்டிப்பாகக் கொடுக்காமல், மருத்துவரிடம் தெரிவித்து, வழக்கமான அளவிலேயே மீண்டும் தொடங்கச் செய்யுங்கள். நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்து இரட்டிப்பாகச் சென்றதுதான் கவலைக்குரியது. இடுப்பில் அறுவை செய்துகொண்ட ஒருவருக்கு நாடியும் இரத்த அழுத்தமும் ஒருசேரத் தாழ்ந்தால், அடுத்த நிகழ்வு இன்னொரு வீழ்ச்சியாகவே இருக்கும். மருத்துவர் நேரில் பார்த்து அளவைத் திருத்தும்வரை நாடியையும், படுத்த நிலையிலும் எழுந்து நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இது எப்படி நடந்தது என்பதைத் தங்கள் கடிதத்திலுள்ள விவரங்களே காட்டுகின்றன. தாயாரைப் பற்றி மூன்று மருந்துப் பட்டியல்கள் இருந்திருக்கின்றன: வீட்டில் அவர் உண்மையிலேயே சாப்பிட்டுவந்தவை, மருத்துவமனை அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தவை, இல்லத்தின் மருந்துப் பதிவேட்டில் ஏறியவை. இந்த மூன்றையும் ஒருவர் அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிட்டிருந்தால், ஒன்று விட்டுப்போனதும் ஒன்று இரட்டித்ததும் அந்த மேசையிலேயே தெரிந்திருக்கும். மாலை நேரத்தில் ஒரு செவிலியரின் மேசைக்கு என்ன வருகிறது என்று எண்ணிப்பாருங்கள். மருத்துவமனையின் தாளில் 'மெட்டோபுரோலால்' என்று மருந்தின் பொதுப்பெயர் இருக்கிறது; நீங்கள் பையில் கொண்டுவந்த அட்டையில் அதே மருந்து ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயரில் பெரிய எழுத்தில் இருக்கிறது, பொதுப்பெயரோ அட்டையின் பின்புறம் வெள்ளிப் பூச்சின்மேல் பொடி எழுத்தில், கிழித்த ஓரத்தோடு பாதி போய்விட்டிருக்கிறது. எதையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு அவர் இரண்டையும் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறார். இப்படித்தான் அக்கறையிலிருந்தே பிழை பிறக்கிறது.

தைராய்டு மாத்திரை விட்டுப்போனது வேறு வகை. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையையொட்டிச் சில மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்துவார்கள், சிலவற்றை அங்கே இருப்பில் உள்ள வேறொன்றாக மாற்றுவார்கள், சில வெறும் கவனக்குறைவால் பட்டியலில் ஏறாமல் போகும். ஒரு மருந்து பட்டியலில் இல்லை என்றால், அது வேண்டுமென்றே நிறுத்தப்பட்டதா, சில நாளுக்கு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டதா, மறந்துபோனதா என்பதை அந்தத் தாளைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. என் பார்வையில் இந்தத் துறையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். அனுப்பும் மருத்துவமனை, 'இவை தொடர வேண்டும்' என்று எழுதுவதோடு நின்றுவிடாமல், 'இவை நிறுத்தப்பட்டன, காரணம் இது; இவை நிறுத்திவைக்கப்பட்டுள்ளன, இந்த நாளில் மீண்டும் தொடங்க வேண்டும்; இவை புதியவை, இந்த நாளோடு முடிகின்றன' என்றும் எழுதினால், பாதிக் குழப்பம் வழியிலேயே தீர்ந்துவிடும்.

பொறுப்பு யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றங்களையும் அவற்றின் காரணத்தையும் எழுதித் தருவது அனுப்புகிறவரின் கடமை. வந்ததைச் சரிபார்க்காமல் முதல் வேளை மருந்தைக் கொடுக்காதிருப்பது ஏற்கிறவரின் கடமை. இரண்டில் ஒன்று தவறினாலும் மற்றொன்று பிடித்திருக்க வேண்டும். இரண்டும் தவறியிருக்கின்றன என்பதால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதை நீங்கள் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

குடும்பத்தார் செய்யக்கூடியவை உண்டு. வார்டைவிட்டுக் கிளம்பும் முன், வீட்டுப் பட்டியலையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையில் வைத்துக்கொண்டு, பொறுப்புச் செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணம் கேளுங்கள். இன்று எந்த மருந்து கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். காலை மருத்துவமனையில் போட்ட இன்சுலினை மாலை இல்லத்தில் மீண்டும் போடுவதும், மற்ற இடத்தில் கொடுத்திருப்பார்கள் என்று இரு தரப்பும் நினைத்து ஒரு இடத்திலும் கொடுக்காமல் விடுவதும், இந்தக் கேள்வி கேட்கப்படாததன் விளைவுகளே. மாத்திரைகள் மட்டுமே மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை, மாதம் ஒருமுறை போடும் ஊசி ஆகியவைதான் பட்டியலிலிருந்து எளிதில் நழுவுகின்றன. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் அது எந்த அன்றாடப் பட்டியலிலும் இருக்காது. ஆனால் தவணை தள்ளிப்போனால் எலும்பு வேகமாக வலுவிழந்து முதுகெலும்பு முறிவுகள் ஏற்படக்கூடும்.

இது தங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துகளால் நேரும் தவிர்க்கக்கூடிய கேடுகளைக் குறைப்பதற்கென ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது, முதன்மையான மூன்று களங்களுள் ஒன்றாக, நோயாளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாறும் தருணத்தைக் குறிப்பிட்டது. இங்கிலாந்தில் 55 பராமரிப்பு இல்லங்களில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், பார்க்கப்பட்ட 256 பேரில் 178 பேருக்கு ஒரு மருந்துப் பிழையாவது இருந்தது தெரியவந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் சராசரியாக 8 மருந்துகள் எடுத்துக்கொண்டிருந்தனர். அந்த ஆய்வு புதிதாகச் சேர்ந்தவர்களை மட்டும் பார்த்ததல்ல. ஏற்கெனவே பழகிய இடத்திலேயே நிலைமை அப்படி என்றால், எவரும் அறியாத ஒருவர் புதிதாக வந்து சேரும் நாளில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதை உணரலாம்.

நான் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். புதியவர்கள் பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு மேல்தான் வருகிறார்கள். அந்த நேரத்தில் மருத்துவர் இருப்பதில்லை, மருந்துக்கடையிலிருந்தும் மறுநாள்தான் மருந்து வரும். பட்டியலில் பத்துப் பன்னிரண்டு மருந்துகள் இருக்கும். எதை உடனே கவனிப்பது, எதைக் காலைவரை விடுவது?

தங்கள் கேள்வி மிகவும் தேவையானது. எல்லா மருந்தையும் ஒரே கவனத்தோடு பார்க்க முயன்றால் எதையுமே சரியாகப் பார்க்க முடியாது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையோ வைட்டமினோ ஒரு வேளை தவறுவதால் அன்றிரவு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஒரு வேளை தவறினாலே ஆபத்து, அல்லது ஒரு வேளை கூடினாலே ஆபத்து என்ற மருந்துகள் உண்டு. பட்டியலைக் கையில் வாங்கியதும் முதலில் அவற்றைத் தேடுங்கள்.

தவறவே கூடாதவற்றில், நடுக்குவாத நோய்க்கான லெவோடோபாவை நான் முதலில் வைப்பேன். இதை 'ஒரு நாளைக்கு நான்கு வேளை' என்று மட்டும் எழுதுவது போதாது. இல்லத்தின் மருந்து வண்டி வரும் நேரத்துக்கு ஏற்ப அதை நகர்த்துவதும் கூடாது. நோயாளிக்குப் பழகிய மணிக்கணக்கு எதுவோ, அதிலேயே கொடுக்கப்பட வேண்டும். சில மணி நேரம் தாமதித்தாலே உடல் விறைத்து, எழ முடியாமல், சில நேரம் விழுங்கவும் முடியாமல் போகும். விழுங்க முடியாததால் அடுத்த வேளையும் தவறும். திடீரென்று முழுதாக நின்றுபோனால் கடும் காய்ச்சலும் விறைப்பும் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தகைய நோயாளி வாந்தி எடுத்தால், பலர் பழக்கத்தில் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு நடுக்குவாதத்தை மோசமாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வலிப்பு மருந்துகள், நெடுநாள் எடுத்துவரும் ஸ்டீராய்டு, நெடுநாளாகப் பழகிவிட்ட தூக்க மாத்திரை ஆகியவையும் திடீரென்று நிற்கக் கூடாதவை. இவை கையிருப்பில் இல்லையென்றால், 'நாளை மருந்து வரும்' என்று காத்திராமல், அன்றிரவே மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

கூடிவிடக் கூடாதவற்றில் முதல் இடம் மெத்தோட்ரெக்சேட்டுக்கு. மூட்டுவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் இதை வாரத்துக்கு ஒருமுறைதான் தருவார்கள். பதிவேட்டில் இருக்கும் கட்டங்களோ நாள்தோறும் கொடுக்கும் மருந்துகளுக்காகப் போடப்பட்டவை. அவற்றில் இதை எழுதும்போது கை தானாக ஏழு நாளுக்கும் கோடு இழுத்துவிடுகிறது. தினமும் கொடுக்கப்பட்டால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து, வாயெல்லாம் புண்ணாகி, தொற்று ஏற்பட்டு நோயாளி இறந்துபோகலாம். பல நாடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே பதிவேட்டில் அது கொடுக்கப்படும் கிழமையை எழுத்தால் எழுதி, மற்ற ஆறு கட்டங்களையும் குறுக்காக அடித்துவிடுங்கள். எந்த நோய்க்காக என்பதையும் அருகில் எழுதுங்கள். இந்த மருந்து தினமும் கொடுக்க வேண்டியதாகப் பட்டியலில் வந்திருந்தால், உறுதிசெய்யாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள்.

இன்சுலினில், பெயர் சரியா என்பதோடு, அது உடனே வேலை செய்வதா நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்வதா என்பதையும் பாருங்கள். 'யூனிட்' என்பதைக் குறிக்க எழுதப்படும் 'U' என்ற ஆங்கில எழுத்து சுழியம் போலத் தோன்றி, 4 யூனிட் 40 ஆக வாசிக்கப்பட்டிருக்கிறது. அதை முழுச் சொல்லாகவே எழுத வேண்டும். மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை 40 யூனிட்டுக்கான சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகளில், வார்ஃபரினிலிருந்து புதிய மருந்துக்கு மாற்றப்பட்ட ஒருவருக்கு இரண்டுமே பட்டியலில் ஏறிவிடுவது உண்டு. வார்ஃபரின் இருந்தால், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் கடைசி அளவு என்ன, அடுத்த பரிசோதனை எப்போது, இடையில் புதிதாக ஆன்டிபயாடிக் எதுவும் தொடங்கப்பட்டதா என்று கேளுங்கள். இடுப்பு அறுவைக்குப்பின் தரும் உறைவு தடுப்பு மருந்து ஏறக்குறைய நான்கு ஐந்து வாரங்களுக்கு உரியது; முடியும் தேதி இல்லாமல் வந்தால் ஒன்று பாதியில் நின்றுவிடும், அல்லது மாதக்கணக்கில் தொடரும்.

மருந்துப் பட்டைகளுக்கு உடலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வலிக்கு ஒட்டும் ஃபென்டனில் பட்டை வழக்கமாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றப்படுவது. மறதி நோய்க்கான ரிவாஸ்டிக்மின் பட்டை 24 மணி நேரத்துக்கானது. தோல் நிறத்திலோ கண்ணாடி போலவோ இருக்கும் இவை, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒட்டப்பட்டிருந்தால் ஆடை மாற்றும்போது மட்டுமே கண்ணில் படும். பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டினால் இரண்டிலிருந்தும் மருந்து உள்ளே செல்லும். எடுத்துப்போட்ட பட்டையிலும் மருந்து மிச்சமிருப்பதால், ஒட்டும் பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, பிறர் கையில் கிடைக்காதபடி அப்புறப்படுத்த வேண்டும். புதியவரை முதன்முறை உடை மாற்றும்போது உடல் முழுவதும் பார்த்து, பட்டை இருந்தால் இடத்தையும் அதில் எழுதியுள்ள தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்து தெளிவில்லை என்றால் ஊகிக்காதீர்கள். ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. பெயர்கள் இவ்வளவு நெருங்கியவை. எந்த நோய்க்கு என்ற ஒரு சொல் பக்கத்தில் இருந்தால் இந்தக் குழப்பமே எழாது என்பதால்தான், காரணத்தை எழுத வேண்டும் என்று இப்பகுதியில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பதிவேட்டில் நீங்கள் எழுதும்போது 1 மில்லிகிராமை 1.0 என்று எழுத வேண்டாம். புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும். அரை மில்லிகிராமை 0.5 என்று எழுதும்போது புள்ளிக்கு முன்னால் சுழியம் கட்டாயம் வேண்டும்; இல்லையேல் 5 ஆகிவிடும். தைராய்டு மாத்திரை மைக்ரோகிராமில் வருவது. அதை மில்லிகிராம் என்று எழுதினால் ஆயிரம் மடங்கு.

என் தந்தையாருக்குப் பென்சிலின் ஆகாது என்று சிறு வயதிலிருந்தே சொல்வார்கள். இல்லத்தில் சேர்க்கும்போது அதை மட்டும் சொன்னால் போதுமா?

போதாது. என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பதையும் சொல்லுங்கள். உடலெங்கும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்திருந்தால் அது உண்மையான ஒவ்வாமையாக இருக்கலாம்; வயிறு கலங்கியது மட்டும் என்றால் அது பக்க விளைவு. இரண்டும் ஒரே சொல்லில் எழுதப்படுவதால், ஒருபுறம் ஆபத்தானவருக்கு மருந்து கொடுக்கப்படுகிறது, மறுபுறம் நல்ல மருந்து தேவையில்லாமல் ஆயுள் முழுவதும் மறுக்கப்படுகிறது. ஒவ்வாமை எதுவும் இல்லை என்றால் அதையும் 'இல்லை' என்று எழுதச் சொல்லுங்கள்; வெற்றிடமாக விட்டால், கேட்கவில்லை என்றும் பொருள்படும்.

என் கணவருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவது சிரமம். இல்லத்தில் எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக இடித்துப் பொடியாக்கிக் கொடுக்கிறார்கள். இது சரியா?

எல்லாவற்றையும் ஒன்றாக இடிப்பது சரியல்ல. சிலவற்றை இடிக்கவே கூடாது. நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையை இடித்தால், 24 மணி நேரத்துக்கான மருந்து ஒரே வேளையில் இறங்கிவிடும். இரத்த அழுத்த மருந்தாக இருந்தால் அழுத்தம் சரிந்துவிடும். வலிக்கான ஓபியாய்டு மருந்தாக இருந்தால் மூச்சே நின்றுபோகலாம். வயிற்றில் கரையாமல் குடலில் கரைவதற்காக உறையிடப்பட்ட மாத்திரையும் இடிக்கத் தக்கதல்ல. இரத்தம் உறைவதைத் தடுக்கும் டாபிகட்ரான் கேப்சூலைப் பிரித்துக் கொடுத்தால் உடலில் சேரும் அளவு வெகுவாகக் கூடி இரத்தக்கசிவு ஏற்படலாம். எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில் முழு மாத்திரையாகத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். அப்படி இருக்க முடியாதவருக்கு அது உரிய மருந்தே அல்ல.

தங்கள் கணவர் சேர்க்கப்பட்ட நாளில், 'இவருக்கு விழுங்குவது சிரமம்' என்ற செய்தி மருத்துவரிடமும் மருந்து தருகிறவரிடமும் சென்றிருக்க வேண்டும். நீர்ம வடிவிலும் வாயிலேயே கரையும் வடிவிலும் பல மருந்துகள் கிடைக்கின்றன. மாற்று இல்லாதபோது அந்த மருந்து இன்னும் தேவைதானா என்ற கேள்வியையும் கேட்கலாம். பட்டியலை மருந்தாளுநரிடம் கொடுத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் 'இடிக்கலாம்', 'இடிக்கக் கூடாது' என்று எழுதி வாங்கி, அதை மருந்துப் பதிவேட்டுடன் இணைக்கச் சொல்லுங்கள். உணவில் கலந்து அவருக்குத் தெரியாமல் கொடுப்பதாக இருந்தால், அது வேறொரு பொருள். அவருடைய ஒப்புதலைப் பற்றியது அது. மருத்துவரும் குடும்பத்தாரும் கூடிப் பேசி, எழுத்தில் பதியாமல் எந்த ஊழியரும் தாமாக அதைச் செய்யக் கூடாது.

என் தாயார் 14 மருந்துகள் எடுத்துக்கொள்கிறார். இல்லத்தில் சேரும்போதே தேவையற்றவற்றை நிறுத்தச் சொல்லிவிடலாமா?

குறைக்க வேண்டும் என்ற தங்கள் எண்ணம் சரியானது, சேரும் நாள் அதற்கு உகந்ததல்ல. முதலில் உண்மையான பட்டியல் கைக்கு வர வேண்டும். புதிய இடம், புதிய முகங்கள், மாறிய உறக்கம் என்று எல்லாமே மாறியிருக்கும் வேளையில் நான்கு மருந்துகளை ஒரேயடியாக நிறுத்தினால், பிறகு வரும் குழப்பமோ மயக்கமோ எதனால் வந்தது என்று கண்டறிய முடியாது. சில வாரம் கழித்து, ஒவ்வொன்றாக, காரணம் பார்த்துக் குறைப்பதே முறை. அமெரிக்காவில் பராமரிப்பு இல்லங்களில் உள்ள ஒவ்வொருவரின் மருந்துகளையும் மாதம் ஒருமுறையாவது மருந்தாளுநர் பரிசீலிக்க வேண்டும் என்று விதியே உள்ளது. முதியவர்களுக்குத் தகாத மருந்துகளைத் தொகுத்த பீர்ஸ் பட்டியல் 1991-இல் முதன்முதலில் வெளியானபோது, பராமரிப்பு இல்லங்களில் வாழ்பவர்களுக்காகவே தயாரிக்கப்பட்டது. அது தொடர்ந்து திருத்தப்பட்டு 2023-இலும் புதுப்பிக்கப்பட்டது.

ஒரு வகை மருந்துகளை மட்டும் சேரும் நாளிலேயே கேள்வி கேட்டாக வேண்டும். மருத்துவமனையில் இருந்த காலத்துக்காக மட்டும் தொடங்கப்பட்டவை அவை: வயிற்றுப் புண் வராமல் இருக்கக் கொடுத்த அமிலக் குறைப்பு மாத்திரை, வார்டின் இரைச்சலில் உறங்குவதற்காகக் கொடுத்த தூக்க மாத்திரை, காய்ச்சலிலோ அறுவைக்குப் பின்னோ ஏற்பட்ட மனக்குழப்பத்தை அடக்கக் கொடுத்த மனநோய் மருந்து. காரணம் மருத்துவமனையிலேயே தீர்ந்துவிடுகிறது, மருந்து மட்டும் இல்லத்துக்கு உடன் வந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. மூன்றாவதைப் பற்றி நான் குறிப்பாகக் கவலைப்படுகிறேன். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இத்தகைய மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-இல் மிகக் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. ஆகவே 'இது எதற்காகத் தொடங்கப்பட்டது, எப்போது நிறுத்தப்படும்' என்று மருத்துவமனையிலேயே கேட்டு, தேதியைப் பெறாமல் கிளம்பாதீர்கள்.

கூடவே, சிறுநீரகச் செயல்பாட்டுப் பரிசோதனையின் அண்மைய அளவையும் தற்போதைய உடல் எடையையும் கேட்டு வாங்குங்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மெட்ஃபார்மின், டிகாக்சின், உறைவு தடுப்பு மருந்துகள் ஆகியவற்றின் அளவு மாற வேண்டும் அல்லது மருந்தே மாற வேண்டும். நோயில் பத்து கிலோ இளைத்துவிட்ட ஒருவருக்குப் பழைய எடைக்கு எழுதிய அளவே தொடர்வதும் பிழைதான்.

தாயார் தம் கைப்பையில் சில மாத்திரைகளையும் மூலிகைச் சூரணங்களையும் வைத்துக்கொண்டு தாமாகவே சாப்பிடுகிறார். இல்லத்தில் சொன்னால் பிடுங்கிவிடுவார்கள் என்று அஞ்சுகிறார்.

அன்போடு பேசி, இல்லத்தாருக்குக் கட்டாயம் தெரியப்படுத்துங்கள். அந்தப் பையில் இருக்கும் வலி மாத்திரையில் பாராசிட்டமால் இருந்து, இல்லத்திலும் பாராசிட்டமால் கொடுத்தால், பொதுவான மேல் எல்லையான நாளுக்கு 4 கிராமை அறியாமலே கடந்துவிடலாம். மெலிந்த முதியவருக்கு எல்லை அதைவிடக் குறைவு. மூலிகை மருந்துகளிலும் சில, இரத்தம் உறைதலையும் சர்க்கரையையும் மாற்றக்கூடியவை. தாமே மருந்து எடுத்துக்கொள்ளும் திறன் அவருக்கு இருந்தால், பூட்டுள்ள பெட்டி ஒன்றைத் தந்து, எவற்றைத் தாமே எடுத்துக்கொள்கிறார் என்று பதிவேட்டில் எழுதி அனுமதிக்குமாறு கேளுங்கள். அந்த உரிமையைப் பறிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நாற்பது பேர் வசிக்கும் ஓர் இல்லத்தை நிர்வகிக்கிறேன். எங்களிடம் மருந்தாளுநர் இல்லை, கணினிப் பதிவும் இல்லை. இந்தப் பிழைகளைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பெயரிலிருந்து தொடங்குங்கள். புதியவர் ஒவ்வொருவருக்கும், அவருடைய மருந்துப் பட்டியலைச் சரிபார்த்து முடிக்கும் பொறுப்பு இன்ன ஊழியருடையது என்று பெயர் குறித்து எழுதப்பட வேண்டும். 'பணியில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்' என்றிருக்கும் இடங்களில், மாலைப் பணியாளர் இரவுப் பணியாளரை நம்பி விடுவதையும், அவர் காலைப் பணியாளரை நம்பி விடுவதையும் தவிர்க்கவே முடியாது.

அவர் செய்ய வேண்டியது, ஒரே ஆதாரத்தை நம்பாமல் இரண்டையாவது ஒப்பிடுவது. டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்று. மற்றது வீட்டு மருந்து அட்டைகளாகவோ, வழக்கமாக மருந்து வாங்கிய கடையின் பதிவாகவோ, குடும்ப மருத்துவரின் குறிப்பாகவோ இருக்கலாம். பேசக்கூடிய நிலையில் இருந்தால் வந்தவரையே கேட்க வேண்டும். ஏனென்றால் எழுதிக்கொடுத்த மருந்தும் அவர் உண்மையில் சாப்பிட்டதும் ஒன்றாக இருப்பதில்லை. மாதக்கணக்கில் அவர் தொடாத மாத்திரையை முதல் நாளே முழு அளவில் கொடுத்து, இரத்த அழுத்தம் தாழ்ந்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. வேறுபாடுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, மருத்துவரிடம் ஒவ்வொன்றுக்கும் முடிவு பெற்று, பிறகே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதிவேட்டில் ஏறியதை இரண்டாமவர் ஒருவர், முதலாமவர் வாசித்துக் காட்டாமல், மூலத் தாளைத் தாமே பார்த்துச் சரிபார்க்க வேண்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் தலையாட்டுவது சரிபார்த்தல் ஆகாது.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் வந்தவரின் புகைப்படத்தை ஒட்டுங்கள். ஒரே பெயரில் இருவர் இருக்கும் இல்லங்களில், புதிய ஊழியருக்கும் மறதி நோயுள்ளவருக்கும் இடையே அந்தப் படம் ஒன்றே காப்பு. 'தேவைப்பட்டால் கொடுக்கவும்' என்ற வாசகத்தை அப்படியே ஏற்காதீர்கள். எந்த அறிகுறிக்கு, எவ்வளவு, எத்தனை மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை முறை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முடிந்தால், மருத்துவமனைகளோடு பேசி, புதியவர்களை வார நாட்களில் நண்பகலுக்குள் அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் நடக்காது; ஆயினும் பட்டியலையாவது முந்தைய நாளே அனுப்பச் சொன்னால், மருந்துகளை முன்கூட்டியே வரவழைத்து வைக்கவும் கேள்விகளைப் பகலிலேயே கேட்டு முடிக்கவும் முடியும்.

பிழை நேர்ந்தால் சொன்ன ஊழியரைத் தண்டிக்காதீர்கள். தண்டனை உள்ள இடத்தில் பிழைகள் குறைவதில்லை, பதிவுகள்தான் குறைகின்றன. தவறவிருந்து கடைசி நேரத்தில் பிடிபட்டவற்றையும் எழுதிவைக்கச் சொல்லி, மாதம் ஒருமுறை எல்லோரும் கூடிப் படியுங்கள். எந்த மருத்துவமனையின் பட்டியலில், எந்த வகை மருந்தில் திரும்பத் திரும்பக் குழப்பம் வருகிறது என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும்.

மருந்தாளுநர் இல்லை என்றீர்கள். மருந்து வாங்கும் கடையின் மருந்தாளுநரோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். புதியவரின் பட்டியல் சரிபார்க்கப்பட்டதும் அதை அவருக்கு அனுப்பி, மூன்றாம் நாளுக்குள் தொலைபேசியில் பேச வேண்டும்: இரட்டிப்பு உண்டா, ஒன்றோடொன்று சேரக்கூடாதவை உண்டா, சிறுநீரக அளவுக்குப் பொருந்துமா, எவற்றை இடிக்கக் கூடாது. அந்த உரையாடலுக்கென்று பதிவேட்டில் ஓர் இடம் ஒதுக்கி, பேசியவர் பெயர், தேதி, அவர் சொன்ன மாற்றம், அதை மருத்துவர் ஏற்றாரா என்ற விவரம் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். அந்த இடம் வெற்றாக இருக்கும்வரை, புதியவரைச் சேர்க்கும் பணி முடியவில்லை என்றே கொள்ளுங்கள்.